மாணவருக்கு ரிவார்டு கிரெடிட் கார்டு: எதைப் பார்த்து வாங்குவது?

(புனேயில் நடந்த மாணவர் – பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னைப் பேச அழைத்தபோது, "நீங்கள் அரசாங்கக் கணக்குத் துறையில் இருந்தவர், பணத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றார். பணத்தைப் பற்றிப் பெரியவர்களுக்குப் பேச நிறைய பேர் இருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு உபயோகமாக ஒன்றைச் சொல்லலாம் என்று நினைத்தேன். இன்றைக்கு 18 வயது நிரம்பிய பிள்ளையின் மொபைலுக்கு, வாழ்த்துச் செய்தி வருகிறதோ இல்லையோ, "உங்களுக்குக் கிரெடிட் கார்டு தயார்" என்று செய்தி வந்துவிடுகிறது. வாங்கினால் பாயிண்ட், சினிமா டிக்கெட், விமான நிலைய ஓய்வறை என்று ஆசை காட்டுகிறார்கள். இவற்றில் எது மாணவனுக்கு உதவும், எது உதவாது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், இந்தப் பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கார்டைத் தேய்த்து 100 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் கடைக்காரருக்கு முழு 100 ரூபாயும் போவதில்லை. அதில் ஒரு சிறு பங்கை வங்கியும் கார்டு நிறுவனமும் கட்டணமாக எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கட்டணத்தில் ஒரு துளிதான் உங்களுக்கு ரிவார்டு என்ற பெயரில் திரும்பி வருகிறது. வங்கிக் கணக்கிலிருந்து நேராக யு.பி.ஐ. மூலம் கொடுக்கும் பணத்துக்குக் கடைக்காரரிடம் இந்தக் கட்டணம் கிடையாது. 2020 ஜனவரி முதல் அப்படித்தான். அதனால்தான் அங்கே பாயிண்ட் பெரிதாகக் கிடைப்பதில்லை.

இதைத் தவிர வங்கிக்கு இன்னொரு பெரிய வருமானம் உண்டு. பில்லை முழுவதும் கட்டாமல் பாக்கி வைப்பவர்கள் கொடுக்கும் வட்டி. நம் நாட்டில் பெரும்பாலான கார்டுகளில் இது மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம், வருஷத்துக்கு 36 முதல் 45 சதவீதம். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டிக்கு உச்சவரம்பு இருக்கிறது என்று யாரும் தைரியமாக இருக்க வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால், ஒழுங்காகக் கட்டுபவருக்குக் கொஞ்சம் லாபம், தவறுபவருக்கு நிறைய நஷ்டம். ஆகையால் மாணவர்கள் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது, நல்ல மாதத்தில் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், தவறிய மாதத்தில் என்ன போகும் என்று பார்க்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

என் தங்கையின் பேத்தி இதே ஊரில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள், ஹாஸ்டல் வாசம். சென்ற வருஷம் இரண்டு கார்டுகளின் விளம்பரத்தைக் கொண்டு வந்து, "தாத்தா, இதுல எது வாங்கலாம் சொல்லுங்கோ" என்றாள். "நான் சொல்ல மாட்டேன், கணக்கு சொல்லும், பேப்பரும் பேனாவும் எடு" என்றேன்.

அவளுடைய மாதச் செலவு 8,000 ரூபாய். அதில் மெஸ் பணமும் வாலெட்டில் போடும் பணமுமாக 2,500 ரூபாய். இரண்டு கார்டுகளிலும் இந்த மாதிரி இனங்களுக்கு ரிவார்டு கிடையாது. மீதி 5,500-இல் ஓட்டல், சினிமா 1,000. புத்தகம், துணிமணி, ரயில் டிக்கெட், இதர சாமான்கள் 4,500.

முதல் கார்டுக்கு வருஷக் கட்டணம் 499 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 589. வருஷத்தில் ஒரு லட்சம் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி. 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட். ஓட்டலுக்கும் சினிமாவுக்கும் பத்து மடங்கு பாயிண்ட். விளம்பரத்தில் இந்தப் 'பத்து மடங்கு' மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு பாயிண்டின் மதிப்பு 25 பைசா என்பது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கணக்குப் போட்டோம். ஓட்டல், சினிமாவுக்கு 100 பாயிண்ட், மற்றதுக்கு 45 பாயிண்ட், ஆக மாதம் 145 பாயிண்ட். பணமாகப் பார்த்தால் 36 ரூபாய் 25 காசு. வருஷத்துக்கு 435 ரூபாய். பாயிண்டைப் பரிசாக மாற்றும்போது 99 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் வசூலிக்கும் வழக்கம் பல வங்கிகளில் உண்டு. இதிலும் இருந்தது. அது 117 ரூபாய். மிஞ்சியது 318. அதிலிருந்து வருஷக் கட்டணம் 589 போனால் கைநஷ்டம் 271 ரூபாய்!

"ஒரு லட்சம் செலவு பண்ணினா கட்டணம் இல்லையே, தாத்தா?" என்றாள். அவளுடைய வருஷச் செலவு 96,000. இன்னும் 4,000 ரூபாய்க்கு வேண்டாத சாமானை வாங்கினால் 589 ரூபாய் மிச்சமாகும். இதைச் சொன்னதும் அவளே சிரித்துவிட்டாள்.

இரண்டாவது கார்டுக்கு வருஷக் கட்டணம் கிடையாது. செலவில் ஒரு சதவீதம் பணமாகவே பில்லில் கழிந்துவிடும், மாற்றுக் கட்டணமும் இல்லை. 5,500-க்கு மாதம் 55 ரூபாய், வருஷத்துக்கு 660 ரூபாய். விளம்பரம் பார்ப்பதற்கு அழகாக இல்லை. ஆனால் கணக்கு அழகாக இருந்தது.

இத்துடன் நிறுத்தவில்லை. "இந்த நல்ல கார்டிலேயே ஒரே ஒரு மாதம், பரீட்சை மும்முரத்தில், 8,000 ரூபாய் பில்லைப் பத்து நாள் தாமதமாகக் கட்டுகிறாய் என்று வைத்துக்கொள்வோம்" என்றேன். கடைசித் தேதிக்குள் முழுத் தொகையும் கட்டாவிட்டால், வட்டியில்லாத நாள் என்ற சலுகையே போய்விடும். சாமான் வாங்கிய நாளிலிருந்து வட்டி ஏறும். பில் போடுவதற்கு முன் சராசரி 15 நாள், பில்லுக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே 20 நாள், தாமதம் 10 நாள், ஆக 45 நாள். மாதம் 3.5 சதவீத வட்டியில் இது 414 ரூபாய், ஜி.எஸ்.டி. 75 ரூபாய். தாமதக் கட்டணம் 500 என்று வைத்தால், ஜி.எஸ்.டி. சேர்த்து 590. மொத்தம் 1,079 ரூபாய். ஒரு வருஷம் முழுக்கச் சேர்த்த 660 ரூபாய், பத்து நாள் மறதியில் போய், கையிலிருந்தும் 400 ரூபாய்க்கு மேல் போகிறது.

இப்போது 'மினிமம் டியூ' என்ற குறைந்தபட்சத் தொகையைப் பற்றிச் சொல்கிறேன். பில்லில் 20,000 என்று ஓரிடத்திலும், 1,000 என்று இன்னோரிடத்திலும் அச்சிட்டிருக்கும். 1,000 கட்டினால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நான் பௌதிகம் படித்தவன். கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் காலத்தை அரை ஆயுள் என்று படித்திருக்கிறோம். கடனுக்கும் அரை ஆயுள் கணக்கிடலாம். மாத வட்டி 3.5 சதவீதம்; ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4.13 சதவீதம். நாம் கட்டுவது பில்லில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20,000 ரூபாய் கடன் ஒரு மாதத்தில் 20,826 ஆகும். 1,041 கட்டினால் 19,785 ஆகும். ஆயிரத்துக்கு மேல் கட்டியும் கடன் குறைந்தது 215 ரூபாய்தான். இதே ரீதியில் போனால் 20,000 ரூபாய் 10,000 ஆவதற்கு 64 மாதம் பிடிக்கும். அதாவது ஐந்து வருஷம் நான்கு மாதம். அதுவும் அதற்குப் பிறகு ஒரு ரூபாய்கூடப் புதிதாகச் செலவு செய்யாமல் இருந்தால்! அதற்குள் கட்டியிருக்கும் பணம் சுமார் 48,000 ரூபாய். இன்னும் பாதிக் கடன் பாக்கி நிற்கும். குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிடும் முறை வங்கிக்கு வங்கி வேறுபடும். ஆனால் பாடம் ஒன்றுதான்: முழுத் தொகையைக் கட்ட முடியாதவருக்கு ரிவார்டு கார்டு என்று ஒன்று கிடையாது.

"நான் கட்டுப்பாடாக இருப்பேன்" என்று எல்லோரும் சொல்கிறோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு சோதனை செய்து 2001-இல் வெளியிட்டார்கள். எம்.பி.ஏ. மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ஒரு சாராரிடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றும், மற்றவர்களிடம் கிரெடிட் கார்டில் கட்டலாம் என்றும் சொன்னார்கள். கார்டுக்காரர்கள் கேட்ட விலை, ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போல் சுமார் இரண்டு மடங்கு! வணிகம் படிக்கும் மாணவர்களுக்கே அப்படி. ஒரு சதவீதம் திரும்பி வருகிறது என்று மகிழ்ந்து பத்து சதவீதம் அதிகமாகச் செலவு செய்தால் லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

"அப்படியானால் கார்டே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே" என்று பெற்றோர்கள் கேட்கலாம். அப்படி நான் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்தினால் கார்டினால் ஒரு நிஜமான நன்மை உண்டு. அது கடன் வரலாறு. நாம் வாங்கிய கடனும் கட்டிய தேதியும் சிபில் போன்ற நிறுவனங்களில் பதிவாகின்றன. 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். நாளைக்கு வேலைக்குப் போய் வீட்டுக் கடன் கேட்கும்போது, படிக்கும் காலத்திலிருந்தே தேதி தவறாமல் கட்டி வந்த பதிவு கைகொடுக்கும்.

அதே பதிவு எதிராகவும் வேலை செய்யும். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வங்கிப் பரீட்சை எழுதுகிறார்கள். கடன் அல்லது கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டத் தவறிய பதிவு உள்ளவர்கள் நியமனத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று பாரத ஸ்டேட் வங்கி தன் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் நிபந்தனை வைத்திருக்கிறது. தேர்வாகி நியமன உத்தரவும் வாங்கிய ஒருவருக்கு, சிபில் பதிவைக் காரணம் காட்டி அந்த வங்கி உத்தரவை ரத்து செய்தது. அது சரியே என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடனைப் பிற்பாடு கட்டித் தீர்த்துவிட்டேன் என்று அவர் வாதாடியும் பலிக்கவில்லை. இந்தப் பதிவுகள் ஏழு வருஷத்துக்குக் குறையாமல் வைத்திருக்கப்படுகின்றன. 19 வயதில் செய்த அலட்சியம் 25 வயதில் வேலையைக் கெடுக்கலாம் என்பதைப் பிள்ளைகள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கம், கடன் வரலாறே இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆகையால் கட்டுப்பாடு வரும் வரை கார்டு இல்லாமல் இருப்பதில் ஒரு குறைவும் இல்லை. கெட்ட வரலாற்றைவிட வரலாறு இல்லாமை எவ்வளவோ மேல்.

சரி, சம்பாத்தியம் இல்லாத மாணவனுக்கு யார் கார்டு கொடுப்பார்கள்? பொதுவாக இரண்டு வழிகள்.

முதல் வழி, அப்பா அல்லது அம்மாவின் கார்டில் இணைப்புக் கார்டு, அதாவது 'ஆட்-ஆன்' கார்டு வாங்குவது. சுலபம்தான். ஆனால் கடன் முழுவதும் அப்பாவின் பொறுப்பு. வரலாறும் அப்பாவின் பெயரில்தான் சேரும். பிள்ளைக்குப் பழக்கம் வரும், பதிவு வராது. முதல் வருஷ மாணவனுக்கு, அவசரத்துக்கு என்று வைத்துக்கொள்ள இது போதும்.

இரண்டாவது வழி, பிள்ளையின் பெயரிலேயே ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு அதன் பேரில் கார்டு வாங்குவது. என் தங்கை பேத்தி எடுத்துக்கொண்டது இந்த வகைதான். 20,000 ரூபாய் போட்டால் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு லிமிட் கிடைக்கும். எவ்வளவு போட வேண்டும் என்பதும், அதில் எத்தனை சதவீதம் லிமிட் என்பதும் வங்கிக்கு வங்கி மாறும். டெபாசிட்டுக்கு வட்டி வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். கட்டாவிட்டால் வங்கி டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். கடன் இந்த எல்லைக்குள்ளேயே நிற்கும் என்பதுதான் இதன் பெரிய பாதுகாப்பு. பதிவும் மாணவனின் பெயரிலேயே சேரும். என் அபிப்பிராயத்தில் சொந்த வருமானம் இல்லாத மாணவனுக்கு இதுவே உத்தமம்.

கல்லூரிக் கட்டணத்தைக் கார்டில் கட்டிப் பாயிண்ட் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை பிள்ளைகளிடம் இருக்கிறது. மூன்றாம் நபர் ஆப் மூலம் கல்விக் கட்டணம் கட்டினால் ஒரு சதவீதம் கூடுதல் கட்டணம் என்று 2024 முதல் சில பெரிய வங்கிகள் கொண்டுவந்துவிட்டன. கல்லூரியின் சொந்த வலைத்தளத்திலோ அலுவலகத்திலோ நேராகக் கட்டினால் அது இல்லை. எதற்கும் ரிவார்டு உண்டா என்பதை முதலில் பாருங்கள். அதேபோல் கார்டை வைத்து ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுக்கவே கூடாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்குத் தனிக் கட்டணம், பாயிண்டும் கிடையாது.

ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைக்க 2022-இல் ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. டீக்கடையில் ஸ்கேன் செய்தும் கார்டில் செலவு செய்யலாம். வசதிதான். ஆனால் பத்து ரூபாய் டீ எல்லாம் மாதக் கடைசியில் ஒரே பில்லாக வந்து நிற்கும். இதற்கு ரிவார்டு சில கார்டுகளில் உண்டு, சிலவற்றில் இல்லை, சிலவற்றில் குறைவு. கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மேல்படிப்புக்கு அமெரிக்கா போகும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. இங்கே வாங்கிய கார்டை அங்கே தேய்த்தால் பெரும்பாலான கார்டுகளில் 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 4.13 சதவீதம் போகும். ஒரு சதவீத ரிவார்டு அதற்கு ஈடாகாது. இந்தியச் சிபில் பதிவும் அங்கே பொதுவாகச் செல்லாது. புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். அங்கே 2009-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சொந்த வருமானமோ, கூடக் கையெழுத்திடுபவரோ இல்லாமல் கார்டு கொடுக்கக் கூடாது. கல்லூரி வளாகத்தில் இலவசப் பொருள் கொடுத்து விண்ணப்பம் வாங்கவும் கூடாது. அந்தத் தேசத்திலேயே அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், இலவசத்தின் கவர்ச்சி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலும் பாதுகாப்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் விதிமுறைகளை வெளியிட்டது. பெரும்பகுதி அந்த வருஷம் ஜூலை முதல் அமலுக்கு வந்தது. கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. கடைசித் தேதி தாண்டி மூன்று நாள் கழிந்த பிறகுதான் தாமதக் கட்டணம் போடலாம், சிபிலுக்கும் தெரிவிக்கலாம். பாக்கியில்லாத கார்டை மூடச் சொல்லி எழுதினால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். இந்த உரிமைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கார்டு வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. வருஷக் கட்டணம் இல்லாத கார்டாக இருக்கட்டும். முதல் வருஷம் மட்டும் இலவசமா, எப்போதும் இலவசமா என்று எழுத்தில் பாருங்கள்.

2. பாயிண்டை ரூபாயாக மாற்றிப் பாருங்கள். முடிந்தால் பணமாகவே கழியும் கார்டை எடுங்கள்.

3. உங்கள் நிஜமான மாதச் செலவை எழுதி, எந்த இனத்துக்கு ரிவார்டு இல்லை என்று கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். மற்றவருடைய செலவுக்கு ஏற்ற கார்டு உங்களுக்கு ஏற்றதாக இராது.

4. லிமிட் குறைவாக இருக்கட்டும். அதிலும் 30 சதவீதத்துக்கு மேல் உபயோகிக்காமல் இருப்பது மதிப்பெண்ணுக்கு நல்லது என்பார்கள்.

5. பில்லின் முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி எழுதிக் கொடுங்கள். 'குறைந்தபட்சத் தொகை' என்று படிவத்தில் தவறிக் குறித்துவிடாதீர்கள். பில் தேதியை, வீட்டிலிருந்து பணம் வரும் தேதிக்குப் பொருந்துமாறு மாற்றிக்கொள்ள வழி உண்டு.

6. ஹாஸ்டல் சிநேகிதர்களுக்குக் கார்டைக் கடன் கொடுக்காதீர்கள். பணம் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் பதிவு உங்கள் பெயரில்தான். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள்.

7. வருஷத்துக்கு ஒரு தடவை கடன் அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வாங்கிப் பாருங்கள். தெரியாத கடன் உங்கள் பெயரில் இருந்தால் உடனே எழுதுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கார்டு வேண்டும் என்றால் கோபிக்காதீர்கள், உடனே வாங்கியும் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். மூன்று மாதச் செலவைத் தேதிவாரியாக எழுதிக் காட்டும் பிள்ளைக்குத் தாராளமாக டெபாசிட் போட்டுக் கொடுக்கலாம். எழுத முடியாத பிள்ளைக்கு இன்னும் ஆறு மாதம் போகட்டும். கார்டு எங்கேயும் ஓடிப் போகாது.

 பின் வரிசையில் இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் போகுமுன் தங்கள் கார்டு விளம்பரங்களை என்னிடம் கொண்டு வரலாம். பேப்பரும் பேனாவும் என்னிடம் இருக்கின்றன.